டைப்ரைட்டிங்கில் ஹையர், இங்கிலீஷில் பூஜ்யம்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஒரு மொழி சுத்தமாகத் தெரியாமலே அந்த மொழியில் தப்பில்லாமல் டைப் அடிக்க முடியும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஆரம்பித்து, லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை என்று வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் அடித்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். நான் இங்கிலீஷ் ஹையரில் ஃபர்ஸ்ட் கிளாஸ். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இங்கிலீஷ் பேப்பரில் பார்டர் பாஸ். கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அந்த சர்டிபிகேட்டை வைத்துத்தான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே என்ன வேலை என்றால், வக்கீல் கிறுக்கலாக எழுதிக் கொடுப்பதை அடித்து, லெட்ஜர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, செட் செட்டாக ஜெராக்ஸ் போட்டு, டேக் கோத்துக் கொடுப்பது. அஃபிடவிட், பெட்டிஷன், லீகல் நோட்டீஸ். பாகப்பிரிவினை, செக் பவுன்ஸ், ஜீவனாம்சம் எல்லாம் வரும். வன்கொடுமை வழக்குகளும் வரும், ஊர்ப்பக்கம் பி.சி.ஆர். கேஸ் என்று சொல்வோமே, அது. நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனிக்காரி. வந்து நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் என்று தெரிந்துவிடும். அவர்கள் வக்கீலிடம் தமிழில் அழுதுகொண்டே சொன்னது, அவர் கையெழுத்தில் இங்கிலீஷாக மாறி, என் விரல் வழியாக கோர்ட்டுக்குள் போகும். என்ன போகிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் கவனித்திருந்தேன். அந்த வழக்குகளில் எல்லாம் வக்கீல் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்பார்: "அவன் திட்டும்போது யார் யார் பார்த்தாங்க?" அடிபட்டு வந்தவரிடம் போய் இதையே ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எரிச்சலாக இருக்கும். பிறகு "வித்தின் பப்ளிக் வியூ" என்று அடிக்கச் சொல்வார், நானும் அடிப்பேன். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இங்கிலீஷிலேயே படிக்கும் நிலைக்கு வந்த பிறகுதான், சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்ற புகாரே அந்த மூன்று வார்த்தைகளின் மேல்தான் நிற்கிறது என்று தெரிந்தது. மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளி ஆள் யாரும் இல்லாதபோது சொன்னதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை எத்தனை முறை அடித்துத் தள்ளியிருப்பேன்!

சரி, இங்கிலீஷ் கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். முதலில் எல்லோரையும் போல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குத்தான் போனேன். கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு, வேலை முடிந்து சாயங்காலம். அங்கே சொல்லிக்கொடுத்தது ஹோட்டலில் எப்படி ஆர்டர் செய்வது, ஏர்போர்ட்டில் என்ன கேட்பார்கள், இன்டர்வியூவில் உங்கள் பலவீனம் என்ன என்றால் எப்படிச் சமாளிப்பது. நான் ஏர்போர்ட் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. யாரோ ஒரு மிஸ்டர் ஸ்மித்துக்கும் மிஸ்ஸஸ் ஸ்மித்துக்கும் மழை பெய்தால் எனக்கென்ன. கட்டிய ஃபீஸுக்காக கொஞ்ச நாள் போனேன், அப்புறம் நின்றுவிட்டேன்.

எங்கள் கடைக்கு வரும் ஜூனியர் வக்கீல் அக்கா ஒருவர் ஒருநாள் சில பக்கங்களை பிரிண்ட் எடுக்கக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்ததும், "உனக்கும் ஒரு செட் எடுத்துக்கோ, இது சின்னப் பிள்ளை இங்கிலீஷ்தான்" என்றார். அம்பேத்கர் எழுதிய 'வெய்ட்டிங் ஃபார் எ விசா'. தன் வாழ்க்கையில் நடந்த சில சம்பவங்களை அவர் 1930களில் எழுதி வைத்த குறிப்புகள், அவர் இருக்கும்போது புத்தகமாக வரவில்லை, 1990இல்தான் வந்தது. எங்கள் காலனியில் அம்பேத்கர் படம் இல்லாத வீடு கிடையாது, ஏப்ரல் 14 என்றால் மைக்செட் கட்டி ஊரே அதிரும், ஆனால் அவர் எழுதிய ஒரு வரியை அவர் எழுதிய மொழியிலேயே படிப்பது அதுதான் முதல் தடவை.

முதல் சம்பவம் 1901இல் நடந்தது. அம்பேத்கருக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அப்பா கோரேகானில் வேலையில் இருக்கிறார், லீவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். சதாராவிலிருந்து பிள்ளைகள் மட்டும் புதுச் சட்டை, கல் வைத்த தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார், உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு. நீங்கள் யார் என்று கேட்கிறார். பையன் யோசிக்காமல் மஹார் என்று, அந்தப் பக்கத்தில் தீண்டக்கூடாதவர்களாக வைத்திருந்த சாதியின் பெயரை, சொல்லிவிடுகிறான். அவர் முகம் மாறுகிறது, அப்படியே எழுந்து உள்ளே போய்விடுகிறார். வெளியே மாட்டுவண்டிகள் நிற்கின்றன, ஒருத்தரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் ஒரு வண்டிக்காரர் சம்மதிக்கிறார்: இரட்டைக் கூலி, அதோடு வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். இவர்கள் கையில் கட்டுச்சோறு நிறைய இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் கிடைத்த தண்ணீரோ சேறும் மாட்டு மூத்திரமுமாக நாறுகிறது. சுங்கச்சாவடியில் போய், வண்டிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் கேட்டுப் பார்க்கிறார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துக்கொண்டே பசியோடு படுக்கிறார்கள். இவ்வளவுக்கும் காரணம், இவர்கள் வரும் தேதி எழுதிய கடிதத்தை அப்பாவின் வேலையாள் அவரிடம் கொடுக்க மறந்துவிட்டான்.

இதைப் படிக்க எனக்கு அகராதி அதிகம் தேவைப்படவில்லை. வெய்ட்டட், ஆஸ்க்ட், வென்ட், ரெஃப்யூஸ்ட் என்று எல்லாமே நடந்து முடிந்த காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். தெரியாத வார்த்தை வந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரியும். எங்கள் தாத்தா டீக்கடையில் கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர். வண்டிக்காரர் ஏன் தயங்குகிறார், பிள்ளை ஏன் பொய் சொல்கிறான் என்பதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மிஸ்டர் ஸ்மித் பாடத்தில் மொழியும் புதிது, விஷயமும் புதிது. இங்கே மொழி மட்டும்தான் புதிது. ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பார்த்தால் தேவலை.

அதே குறிப்புகளில் பள்ளிக்கூடம் பற்றி ஓரிடம் வரும். மற்ற பிள்ளைகள் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து குடிக்கலாம். இவர் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு நாலே வார்த்தையில் முடிக்கிறார்: நோ பியூன், நோ வாட்டர். வினைச்சொல்லே இல்லாத வாக்கியம்! வாக்கியம் என்றால் எழுவாய், பயனிலை எல்லாம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்ததை அம்பேத்கரே மீறியதைப் பார்த்ததும் எனக்கு இங்கிலீஷ் மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

அடுத்தது நானாகக் கண்டுபிடித்த வழி. பாமா தன் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம் என்று படித்தேன். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பார், சின்னப் பெண்ணுக்கு அது சிரிப்பாக இருக்கும், நம்ம ஆளுங்க தொட்டால் தீட்டு என்பார்கள், அதனால்தான் என்று வீட்டுக்கு வந்து அண்ணன் சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கும். அந்த இடத்தை இங்கிலீஷில் படித்தபோது ஒரு வார்த்தைக்குக்கூட நிற்கவில்லை. பாமாவின் பேச்சில் இருக்கும் உப்பும் காரமும் இங்கிலீஷில் குறைச்சல்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் படித்துப் பழகுகிறவளுக்கு அது போதும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலையும் இப்படியே படித்தேன்.

பிறகு அமெரிக்கா பக்கம் போனேன். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். உங்கள் அவசரம் புரிகிறது, ஆனால் போராட்டத்துக்கு இது நேரமில்லை, பொறுமையாக இருங்கள் என்று எட்டு வெள்ளைக்கார மதகுருமார்கள் பத்திரிகையில் அறிக்கை விட்டிருந்தார்கள், அதற்குப் பதில். செய்தித்தாளின் ஓரத்து வெள்ளை இடத்தில் எழுத ஆரம்பித்தாராம். அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது, 300 வார்த்தைக்கு மேல் ஓடும். அந்த வக்கீல் அக்காவே அதில் மூச்சு வாங்கியதாகச் சொன்னார். எனக்கு என்னவோ அது எளிதாகப் போனது. காரணத்தைப் பிறகுதான் யோசித்தேன். நீங்கள் இதைப் பார்த்திருக்கும்போது, இதைக் கேட்டிருக்கும்போது, உங்கள் ஆறு வயது மகள் டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டு அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்க, கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல வாய் வராமல் நீங்கள் திணறும்போது, ஊர் விட்டு ஊர் காரில் போகையில் எந்த லாட்ஜும் சேர்க்காமல் காரிலேயே சுருண்டு படுக்கும்போது என்று அடுக்கிக்கொண்டே போய், எல்லாவற்றையும் தாங்கும் முக்கிய விஷயத்தைக் கடைசியில் வைக்கிறார்: அப்போது தெரியும் எங்களால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று. இது நம் ஊர் வாக்கியமல்லவா! கடைசி வினைமுற்று வரும்வரை காத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே, எங்கள் ஆயா ஒப்பாரி வைத்தால் இப்படித்தான் வைப்பார். இங்கிலீஷ் படித்தவர்கள் முதல் வரியிலேயே விஷயத்தைத் தேடுவதால்தான் அதில் திணறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த அடுக்கிலேயே இன்னொன்றும் வரும். எவ்வளவு வயதானாலும் உங்களை 'பாய்' என்று கூப்பிடுவார்கள், உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் 'மிஸ்ஸஸ்' என்ற மரியாதை ஒருபோதும் கிடைக்காது என்கிறார். எங்கள் அப்பாவுக்கு அறுபது வயது இருக்கும்போது, ஊர்த்தெருப் பையன், மீசைகூட முளைக்காதவன், பைக்கை நிறுத்திவிட்டு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "நாளைக்குக் களை எடுக்க ஆள் கூட்டிக்கிட்டு வாடா" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா "சரிங்க" என்றார். அலபாமா எங்கே இருக்கிறது என்று மேப்பில் அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன்.

சாதி ஒழிப்பு பற்றி அம்பேத்கர் எழுதிய 'அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்' மட்டும் எனக்கு நீண்ட காலம் பிடிகொடுக்கவில்லை. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பு 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள், உரையை முன்கூட்டியே படித்துவிட்டுப் பயந்து சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள், இவர் மறுத்துவிட்டார், மாநாடே நின்றுபோனது. பேசாத அந்தப் பேச்சைத் தன் செலவிலேயே 1500 பிரதி அச்சடித்து எட்டணா விலையில் வெளியிட்டார், இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது. தமிழில் பெரியாரின் 'குடிஅரசு' பத்திரிகையில் உடனேயே வந்தது. தமிழில் எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இங்கிலீஷில் அவர் வாதம் செய்யும் வேகம் வேறு மாதிரி இருக்கிறது, எதிராளி சொல்லப்போவதையும் அவரே சொல்லி, அதற்கு அவரே பதில் சொல்லி, அடுத்ததற்குப் போய்விடுகிறார். ஆனால் புத்தகத்தின் முன்பக்கத்தில் மண்டலுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கிறதே, அதை நான் அலுவலகக் கடிதப் பாடமாகவே வைத்துப் படித்தேன். மரியாதை ஒரு சொட்டு குறையாமல், குழையாமல், முடியாது என்று எப்படி எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று எழுதியிருக்கிறார். நான் அடித்த பேப்பரில் வக்கீல்கள் கமாவாகச் சுழித்துத் திருப்பித் தருவதையே பார்த்துப் பழகியவளுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்!

இங்கிலீஷ் புரிய ஆரம்பித்ததில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. கீழ்வெண்மணி தீர்ப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்த பகுதிகளைப் படித்தேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. இவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், முதல் எதிரியிடம் கார் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தர்க்கம். இந்தச் சேதி சின்ன வயதிலேயே மேடைப் பேச்சுகளில் கேட்டதுதான். ஆனால் இங்கிலீஷில் அந்த வரிகள் அவ்வளவு சாந்தமாக, அவ்வளவு இலக்கண சுத்தமாக இருந்தன. யாருக்கும் கோபம் இல்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. அம்பேத்கரின் இங்கிலீஷும் கிங்கின் இங்கிலீஷும் படித்துவிட்டு இதைப் படித்தால் ஒரே மொழிதானா என்று இருக்கும். அதிலிருந்து எந்த அரசாங்கக் கடிதம் வந்தாலும் செய்தவர் யார் என்று முதலில் தேடுகிறேன். மனு நிராகரிக்கப்பட்டது, இடம் கையகப்படுத்தப்பட்டது, சாவு விஷவாயுவால் நேர்ந்தது என்று இருக்கும். சாக்கடைக்குள் இறக்கிவிட்டவன் பெயர் எங்கேயும் இருக்காது. செயப்பாட்டு வினை எதற்குப் பயன்படுகிறது என்று இலக்கணப் புத்தகம் இதைச் சொல்வதில்லை.

இப்படிப் படித்ததால் என் இங்கிலீஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். எமன்சிபேஷன், ஹியுமிலியேஷன், என்டௌமென்ட், டிஸெபிலிட்டி எல்லாம் தண்ணி பட்ட பாடு. பிள்ளையின் ஸ்கூல் டைரியில் கரண்டி, ஸ்கேல், கைக்குட்டை கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தால் இன்னும் ஒரு நொடி நிற்கிறேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் போனில் படபடவென்று இங்கிலீஷில் பேசினால் "நோ தேங்க்ஸ்" தவிர வேறு வராது. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் என் பிள்ளையின் மிஸ் பேசுவது நன்றாகவே புரிகிறது, பதில் தமிழில்தான் சொல்கிறேன், அவரும் இப்போதெல்லாம் தமிழுக்கே வந்துவிட்டார். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை.

தாய்மொழிப் பற்று இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிறவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் சிபிஎஸ்இ. மகாராஷ்டிரத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய சாவித்திரிபாய் புலே 1854இலேயே இங்கிலீஷைத் தாய் என்று பாட்டெழுதியவர். உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010இல் தலித் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் இங்கிலீஷ் தேவிக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார், கையில் பேனாவும் அரசியல் சட்டமும், காலடியில் கம்ப்யூட்டர். கோயில் கட்டும் அளவுக்கு எனக்குப் பக்தி கிடையாது, இங்கிலீஷ் கல்வியைக் கொண்டுவந்த வெள்ளைக்கார அதிகாரி மெக்காலே பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவும் மாட்டேன். ஆனால் அந்த ஏக்கம் புரிகிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ், எசமானியம்மா எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை எசமான் தடுத்ததும், தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டுக்கொண்டார். தடுக்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று அந்த வயதிலேயே பிடித்துக்கொண்ட ஆள்.

யாராவது இந்த வழியில் ஆரம்பிக்க நினைத்தால், 'வெய்ட்டிங் ஃபார் எ விசா'வில் தொடங்குங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் பிரிட்செட் அதைப் பத்திக்குப் பத்தி எண் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார், காசு வேண்டாம். எண் இருப்பதால் இன்றைக்கு இதுவரை என்று நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வார்த்தை மூன்று தடவை வந்து உறுத்தினால் மட்டும் அகராதியைத் திறங்கள், ஒவ்வொன்றுக்கும் திறந்தால் சமையல் தீய்ந்துவிடும். தமிழில் ஏற்கெனவே படித்த புத்தகத்தின் இங்கிலீஷ் பதிப்பைத் தேடுங்கள். அனிஹிலேஷனைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முன்னால் இருக்கும் கடிதங்களை மட்டும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் இப்போது அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் இருக்கிறேன். 1948 நவம்பர் 29, தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறிய நாள். சபையில் காந்திக்கு ஜே போட்டிருக்கிறார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போன முனுசாமி பிள்ளையும், அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதனும் அன்றைக்குப் பேசியிருக்கிறார்கள். முனுசாமி பிள்ளை பேசியதை முடித்துவிட்டேன், தாட்சாயணி பேச்சு பாதியில் இருக்கிறது. படித்து முடித்ததும் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.